ஜாமீனோடு போகாத மாத்திரை

ஜனவரி 8, 2025
சிறையிலிருந்து வந்த சளி மாதிரிகளில் ஒன்றில் காசநோய் உறுதியாகிவிட்டது. விசாரணைக் கைதி, வயது 26, எடை 43 கிலோ. ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்கு அடங்கும் கிருமிதான், ஆறு மாத சிகிச்சை போதும். தினம் மூன்று மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்படாதே தம்பி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ரத்தம் போகிறதென்று பயந்து மாத்திரையைக் கழிவறையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். "பிளாக்குல யாருக்கும் சொல்லிடாதீங்க சார்" என்றான்.

ஜனவரி 29
கட்டில் காலி. நேற்று மாலை ஜாமீன் உத்தரவு வந்து, இரவே விட்டுவிட்டார்கள். மாத்திரை அட்டை மருந்தகத்திலேயே கிடக்கிறது. தண்டனைக் கைதி என்றால் விடுதலை நாள் முன்பே தெரியும். ஆனால் இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். என்றைக்கு வெளியே போவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. உத்தரவு வந்தபின் ஒரு மணி நேரம்கூட உள்ளே வைக்கக் கூடாது, சரிதான். மாத்திரையும் கூடவே போயிருக்க வேண்டாமா? இரவெல்லாம் இதே நினைப்பு.

பிப்ரவரி 1
மனு போட்டு அவனைச் சிறையில் பார்க்க வந்துபோன அக்காவின் எண் கிடைத்தது. "வீட்டுக்காரருக்கு இவன் ஜெயில்ல இருந்ததே தெரியாது சார், வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றார். பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் சந்தித்தோம். நான்கு நாள் மாத்திரை விட்டுப்போயிருக்கிறது. நல்லவேளை, நான்கே நாள். நிக்‌ஷய் என்ற அரசின் காசநோயாளர் இணையதளத்தில் இருந்த அவன் பதிவை அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினேன். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவிக்கு வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குத் திறக்க ஆதார் கேட்கிறார்கள். அது கைதான அன்றே தொலைந்துவிட்டதாம். "முட்டை நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா.

பிப்ரவரி 11
சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு கவர்: ஏழு நாள் மாத்திரை, பரிந்துரைச் சீட்டு, என் எண். இரவில் விடுதலையானாலும் கேட்டிலேயே கையில் கொடுத்துவிடலாம். சிறை மருத்துவர் உடனே சம்மதித்தார். ஆறு கவர் கட்டினோம்.

மார்ச் 12
தம்பி 46 கிலோ! சளியில் கிருமி இல்லை. இனி நான்கு மாதம். வாய்தாவுக்குப் போகும்போதும் சட்டைப் பையில் இரண்டு நாள் மாத்திரை வைத்துக்கொள்கிறானாம். திரும்ப உள்ளே போட்டுவிட்டால் அதுவும் கூடவே வரட்டும் என்று.