பின்மூடி திறந்த ரோல்

மே 12, 2024, ஞாயிறு, பென்னாகரம்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறிவிட்டு வந்து, மாமா வீட்டில் சாப்பிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா மகள் என் பிலிம் கேமராவின் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். பின்மூடி படக்கென்று திறந்துகொண்டது. நல்ல உச்சி வெயில். மாமா பாய்ந்து மூடினார். இரண்டு நொடி, கூடினால் மூன்று. 36 படம் எடுக்கும் ரோலில் 22-இல் இருந்த எண், மூடியதும் மோட்டார் ஓடி 1-க்கு வந்துவிட்டது.

“லைட் அடிச்சிருச்சு, ரோல் போச்சு” என்றார் மாமா. பாப்பா அழ ஆரம்பித்தாள். முழுசாகப் போகாது என்றேன். அவளைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை, உண்மையே அதுதான்.

இரவு

இந்தக் கேமராவில் எடுத்த படங்கள் வலப்பக்க உருளையில் சுற்றிக்கொள்ளும். எடுக்காத பிலிம் இடப்பக்க டப்பாவுக்குள் இருக்கும். அதன் வாயில் இருக்கும் வெல்வெட் வெளிச்சத்தை விடாது. உருளையில் கடைசியாக எடுத்தவைதான் வெளிச்சுற்று, அடி முழுக்க அவற்றுக்கு. காலையில் எடுத்தவை உள்ளே, மேல் சுற்றுகளின் மறைவில் இருக்கின்றன. அதாவது பாலக்கோட்டு மாந்தோப்பும் தாத்தாவும் பிழைத்திருப்பார்கள், பரிசல் சந்தேகம், மதியச் சாப்பாடு போனதுதான்.

வேறு சில கேமராக்கள் தலைகீழ். ரோலைப் போட்டதுமே மொத்தத்தையும் வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாக டப்பாவுக்குள் அனுப்பும். எண்ணும் இறங்குமுகமாக ஓடும். அதில் மூடி திறந்தால் எடுத்த படத்துக்கு ஆபத்தில்லை, எடுக்காத பிலிம்தான் வீண்.

மே 13, திங்கள்

அடியில் இருக்கும் சின்னக் குழிப் பொத்தானைப் பேனா முனையால் அழுத்தி ரோலை டப்பாவுக்குள் திருப்பிவிட்டேன். தருமபுரியில் ஸ்டூடியோ அண்ணனிடம் கேட்டேன். “கழுவுற மெஷினையே எடுத்தாச்சு தம்பி. லைட் அடிச்ச ரோலா? தூக்கி மட்டும் போட்டுடாதீங்க, கழுவிப் பாருங்க” என்றார். பெங்களூரு லேபுக்குக் கூரியரில் அனுப்பியாயிற்று.

மே 25, சனி

ஸ்கேன் வந்துவிட்டது!

தாத்தா தொரட்டியோடு மாமரத்தடியில் நிற்கும் படத்தில் ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. வேட்டி மடிப்பு வரை தெரிகிறது. பரிசல் படங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஆரஞ்சு ஏறுகிறது. முதலில் ஓரத்தில் மட்டும். பிலிமின் பல்துளை வழியே வெளிச்சம் புகுந்த இடமெல்லாம் வரிசையாகத் தீற்றல். அப்புறம் பாதிப் படம் வரை. ஒன்றில் பரிசல்காரரின் துடுப்பும் கையும் மட்டும் தெளிவு, பாறையெல்லாம் தணல் நிறம்.

கலர் நெகட்டிவில் சிவப்பைப் பிடிக்கும் அடுக்கு அடியில் இருக்கிறது. பின்பக்கம் வந்த வெளிச்சம் முதலில் அதைத்தான் தொடும், அதனால்தான் இந்த ஆரஞ்சு. அளவு மீறினால் மூன்று அடுக்குமே வெந்து நெகட்டிவ் கறுப்பாகிவிடும், படம் வெள்ளையாகிவிடும். சாப்பாட்டுப் படங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன.

பாப்பாவுக்கு அந்தத் துடுப்புப் படம்தான் வேண்டுமாம். பிரிண்டுக்குச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டை மறுபடி எடுக்கலாம், வரும் ஞாயிறு எல்லோரும் வாங்க என்கிறார் மாமா. புது ரோல் வாங்க வேண்டும், தாழ்ப்பாள் மேல் ஒட்டக் கறுப்பு டேப்பும்.