கிரானைட் கல்லும் 593 கோடி கெல்வினும்

ஈ = எம்சி ஸ்கொயர் என்பது பிளஸ் டூ பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம். ஆதிப் பிரபஞ்சத்துக்கு அது மட்டும் போதாது, பக்கத்திலேயே வெப்பநிலையையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) ஆற்றலை போல்ட்ஸ்மன் மாறிலியால் (ஆற்றலை வெப்பநிலையாக மாற்றித் தரும் எண்) வகுத்தால் சுமார் 1,160 கோடி கெல்வின் வரும். எலக்ட்ரானின் நிறை 0.511 எம்.இ.வி., அதாவது 593 கோடி கெல்வின்.

இதைவிடச் சூடாக இருந்தவரை, ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) இரண்டு மோதி எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடி பிறந்தது; பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள். ஜோடி மோதி மறுபடி ஃபோட்டான் ஆனது. 'ஆற்றல் நிறையாக மாறிய தருணம்' என்று ஒன்றை யாராவது குறித்துக் காட்டினால் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் ஓயாமல் போக்குவரத்து. பெருவெடிப்புக்குப் பின் சில விநாடிகளில் சூடு தணிந்ததும் பிறப்பு குறைந்தது, அழிவு மட்டும் தொடர்ந்தது. மிஞ்சியது சொற்பம்.

ஜோடி பிறப்பதைப் பார்க்க அவ்வளவு பின்னோக்கிப் போகவும் வேண்டாம். கிருஷ்ணகிரி கிரானைட்டில் இருக்கும் பொட்டாசியம்-40 விடும் காமா கதிர் 1.461 எம்.இ.வி.; தோரியம் வரிசையில் வரும் தாலியம்-208 விடுவது 2.614. ஜோடிக்குத் தேவை 1.022 தான். ஆகவே கல்லுக்குள்ளேயே எப்போதாவது ஒரு பாசிட்ரான் பிறந்து, அங்கேயே அழிகிறது. ஒரு வித்தியாசம்: தனி ஃபோட்டானால் உந்தத்தைச் சரிக்கட்ட முடியாது, பக்கத்தில் ஓர் அணுக்கரு வேண்டும்.

இதே வகுத்தலை புரோட்டானுக்குப் போட்டால் தப்பாகும். 938 எம்.இ.வி. என்றால் சுமார் 10.9 லட்சம் கோடி கெல்வின். அந்தச் சூட்டில் புரோட்டானே கிடையாது, அதை ஆக்கும் குவார்க்குகளும் அவற்றை ஒட்டவைக்கும் குளுவான்களும் கலந்த குழம்புதான். சுமார் 150 எம்.இ.வி.க்கு இறங்கிய பிறகே குவார்க்குகள் கட்டுண்டன. புரோட்டானின் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் 9 எம்.இ.வி. தேறும், மீதியெல்லாம் உள்ளே அடைபட்ட ஆற்றல். பட்டறையில் 100 கிலோ கிரானைட் பலகையை நிறுத்தால், குவார்க்குகளின் கணக்கில் வருவது ஏறக்குறைய ஒரு கிலோதான்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது டியூட்டீரியத்தில் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு). அதைப் பிரிக்கத் தேவையான பிணைப்பாற்றல் 2.22 எம்.இ.வி., எனவே 2,580 கோடி கெல்வினிலேயே அது நிலைத்திருக்கும் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் சுமார் 80 கோடி வரை இறங்க வேண்டியிருந்தது. காரணம் எண்ணிக்கை. இன்று ஒரு கன மீட்டரில் பெருவெடிப்பின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சின் ஃபோட்டான்கள் 41 கோடி. புரோட்டான், நியூட்ரான் சேர்த்தால் நான்கு கன மீட்டருக்கு ஒன்று. ஒன்றுக்கு 160 கோடி! சராசரி ஃபோட்டான் பலவீனமானாலும், கூட்டத்தின் உச்சியில் இருக்கும் ஒரு சில போதும், உருவான டியூட்டீரியத்தை உடைத்துவிடும்.

தோராயமாகப் போட்டுப் பாருங்கள். 160 கோடியின் இயல் மடக்கை 21. 2.22-ஐ 21-ஆல் வகுத்தால் 0.105 எம்.இ.வி. எந்தச் சூட்டில் துகள்கள் எவ்வளவு இணைந்திருக்கும் என்று சொல்லும் சாஹா சமன்பாட்டின் மற்ற காரணிகளையும் சேர்த்தால் வகுக்கும் எண் 32 ஆகி, விடை 0.07-க்கு, அதாவது அந்த 80 கோடி கெல்வினுக்கு, இறங்கும். கால்குலேட்டரில் பத்தே நிமிட வேலை.

இந்தத் தாமதத்துக்கு விலை உண்டு. தனி நியூட்ரானின் சராசரி ஆயுள் 880 விநாடிக்குச் சற்றுக் குறைவு. காத்திருந்த சில நிமிடங்களில் நியூட்ரான்-புரோட்டான் விகிதம் ஆறில் ஒன்றிலிருந்து ஏழில் ஒன்றானது. மிஞ்சிய நியூட்ரான்கள் ஏறத்தாழ எல்லாமே ஹீலியத்துக்குள் போயின: எட்டுத் துகளில் ஒன்று நியூட்ரான், கூடவே ஒரு புரோட்டான், ஆக நிறையில் கால் பங்கு ஹீலியம்.

ஹைட்ரஜன் அணுவுக்கும் இதே கதை. அதன் பிணைப்பாற்றலான 13.6 எலக்ட்ரான் வோல்ட் என்பது 1.58 லட்சம் கெல்வின். ஆனால் எலக்ட்ரான்கள் அணுவில் அடங்கி ஒளி விடுபட்டது 3,000 கெல்வினில், 3.8 லட்சம் ஆண்டுகள் கழித்து.