தூளியில் ஆட்டியும் உருளாத ஜவ்வரிசி

வீட்டிலேயே ஜவ்வரிசி செய்து பார்க்கிறேன். ஐந்து கிலோ குச்சிக்கிழங்கு (மரவள்ளி), இரண்டு நாள் வேலை. தாம்பாளத்தில் கிடப்பதைப் பார்த்தால் கடுகையும் சுண்டைக்காயையும் கலந்து கொட்டியது போல இருக்கிறது. பரவாயில்லை, போன தடவை ஒரே கட்டி.

கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, திப்பியை (சக்கையை) பிரித்துத் தெளியவைப்பது வரை தகராறில்லை. உருட்டும் இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறேன். தெளிந்த மாவின் குணம் தெரியுமே, பிடித்தால் கல், விட்டால் கூழ். இந்த முறை துணியில் கட்டி மேலே அம்மிக்கல்லை ஏற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் பிடித்தால் நின்றது, தட்டினால் பொலபொலவென்று உதிர்ந்தது. ரவைச் சல்லடையில் தேய்த்து, பழைய வேட்டியின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மாவை அதில் போட்டு, மறுமுனையைப் பிடித்துத் தூளி போல ஆட்டினேன். "உன்னைக்கூட நான் இவ்வளவு நேரம் ஆட்டினதில்லை" என்றார் அம்மா. பத்து நிமிடத்தில் கடுகளவு மணி வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிதாகட்டும் என்று ஒரு கை தண்ணீர் தெளித்தேன், போச்சு.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் உலகப்போர். அதுவரை ஜவ்வரிசி மலாயா பக்கமிருந்து கப்பலில் வந்த சரக்கு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரை ஜப்பான் பிடித்ததும் வரத்து நின்றது. மறு வருடமே சேலத்தில் மாணிக்கம் செட்டியார், மலாயாவில் இந்தத் தொழிலைத் தெரிந்து வந்த போபட்லால் ஷாவுடன் சேர்ந்து, மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். எல்லாம் கைவேலை, வறுக்க வாணலி. மலாயாவிலோ அரிசி கிடைக்காமல் ஜனங்களுக்கு இதே கிழங்குதான் சாப்பாடு. சேலத்துக்காரர்கள் மெஷின் இல்லாமல் செய்ததை நான் செய்ய முடியாதா என்ற வீம்புதான் எனக்கு.

கிழங்கும் காலை வாரிவிட்டது. "காலையில் பிடுங்கினது சார்" என்று சந்தையில் கொடுத்ததை வெட்டினால் உள்ளே கருநீல நரம்பு ஓடுகிறது. பிடுங்கி மூன்று நாளாவது இருக்கும். அடுத்த முறை ஆத்தூரில் நண்பனின் தோட்டத்துக்கே போய் வாங்கப்போகிறேன். வேட்டியும் வேண்டாம், ஈரத்தை அதுவே குடித்துவிடுகிறது. நைலான் துணி தேடுகிறேன். கைவந்துவிட்டால் அப்புறம் வடகம்.

வறுவலை இன்னும் முடிக்கவில்லை. எண்ணெய் தடவிய இரும்புச் சட்டியில், சிறு தீயில், சின்ன மணிகள் மட்டும் மேலே கண்ணாடி மாதிரி ஆகின்றன. பெரியதைக் கடித்துப் பார்த்தேன், நடுவில் பச்சை மாவு. அதையெல்லாம் அம்மா கஞ்சிக்கு எடுத்துப் போய்விட்டார்.