பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே கல் புகாமல் தடுத்த வேலை

சரளைச் சாலையில் அடிக்கடி ஓடும் என் மோட்டார் சைக்கிளில், செயினுக்குப் பதிலாகப் பல் வைத்த பெல்ட்தான் பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதற்கு எண்ணெய் போட வேண்டியதில்லை, சத்தம் குறைவு, இழுவையை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் நெடுங்காலம் கை வைக்கவும் தேவையில்லை. 1980-ஆம் ஆண்டில் ஹார்லி-டேவிட்சன் நிறுவனம் தன் ஸ்டர்ஜிஸ் மாடலில் கொண்டுவந்த இந்த ஏற்பாடு இன்று மின்சார மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும் இருக்கிறது. ஆனால் சாலையில் கிடக்கும் ஒரு சிறு கல் இத்தனை வசதியையும் கெடுத்துவிடும். செயினில் ஒரு கண்ணி கெட்டுப்போனால் அதை மட்டும் கழற்றி மாற்றிக்கொண்டு வீடு சேரலாம். பெல்ட்டோ இணைப்பே இல்லாத ஒரே வளையம். பின்சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைத்து மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங் ஆர்மின் ஒரு பக்கக் கை அந்த வளையத்தின் உள்ளே நுழைந்து நிற்பதால், பல வண்டிகளில் பெல்ட்டை மாற்றுவதற்கு ஸ்விங் ஆர்மையே கழற்ற வேண்டியிருக்கும். ஆகவே கெட்டபின் மாற்றுவதைக் காட்டிலும் கெடாமல் காப்பதற்கு உழைப்பது லாபம் என்று கருதி இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் கல் எந்த வழியாக உள்ளே போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வண்டி முன்னே செல்லும்போது பெல்ட்டின் மேல்பகுதி முன்புறமாகவும் கீழ்ப்பகுதி பின்புறமாகவும் நகர்கின்றன. மேல்பகுதியில் பற்கள் கீழ்நோக்கியும் வழவழப்பான முதுகு மேல்நோக்கியும் இருப்பதால், அங்கே விழும் கல் பெரும்பாலும் உருண்டு போய்விடுகிறது. கீழ்ப்பகுதியில் நிலைமை தலைகீழ்: பற்கள் வானத்தைப் பார்த்திருக்கின்றன. அவற்றின் மேல் வந்து உட்காரும் கல்லைப் பெல்ட்டே பின்னால் சுமந்துகொண்டு போய்ப் பின்புல்லியின், அதாவது பின்சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பெல்ட் சக்கரத்தின், அடிவாயில் ஊட்டிவிடுகிறது. ஆக, காக்க வேண்டிய இடம் பெல்ட் முழுவதும் இல்லை. கீழ்ப்பகுதியின் உட்புறமும், அது பின்புல்லியைத் தொடும் அந்த ஒரு சந்தும்தான்.

அந்தச் சந்தில் நடப்பது சற்றே விளக்கத்துக்குரியது. செயின் ஓடும் பல்சக்கரம் மெல்லிய தகடு. கண்ணிகளுக்கு இடையிலும் பல்லின் இருபுறமும் இடைவெளி இருப்பதால் சிறு கற்கள் நொறுங்கியோ நழுவியோ வெளியேறிவிடும். பெல்ட் புல்லி அகலமானது, அதன் பள்ளங்களைப் பெல்ட்டின் பற்கள் ஏறக்குறைய முழுமையாக நிரப்பிவிடுகின்றன. கல்லுக்கு ஒதுங்க இடமே இல்லை. மேலும், பாலியூரித்தேன் அல்லது ரப்பர் உடம்புக்குள் ஓடும் அராமிட் எனும் வலுவான செயற்கை இழைகளோ கார்பன் இழைகளோ ஏறக்குறைய நீளவே மாட்டாதவை. அதனால்தான் பெல்ட் இத்தனை விசையைத் தாங்குகிறது. கல் ஒன்று புகுந்து பெல்ட்டைப் புல்லியிலிருந்து தூக்கும்போது, இரண்டு அச்சுகளுக்கும் இடைப்பட்ட தூரம் மாறாத நிலையில், அந்தக் கூடுதல் இழுவை முழுவதும் அந்த இழைகளின் மேல் வந்து விழுகிறது. ஒன்று கல் பெல்ட்டைத் துளைக்கும், இல்லையென்றால் புல்லியில் வடு விழும், சில சமயம் இரண்டும் நடக்கும்.

எதையும் பொருத்துவதற்கு முன் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன். கியரில் போட்டு இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யவே கூடாது. அந்தச் சந்து விரலையும் கல்லைப் போலத்தான் நடத்தும். டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சியபோது, இரு பற்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில், பெல்ட் அகலத்தின் நடுவே, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய குழி ஒன்று தென்பட்டது. குழியின் விளிம்பில் கறுப்புத் தோல் லேசாக மேலெழும்பியிருந்தது, ஆனால் உள்ளிருக்கும் இழை வெளியே தெரியவில்லை. முதுகுப்புறத்தில் அதே இடத்தைத் தடவிப் பார்த்தேன். புடைப்பு எதுவும் இல்லை. காயம் ஓரத்தில் இருந்தால் பெல்ட்டை மாற்றச் சொல்கின்றன பராமரிப்புக் கையேடுகள். பல் உதிர்ந்தாலோ வெளியே தெரியும்படி பல்லில் வெடிப்பு விழுந்தாலோ அதே தீர்ப்புதான். நடுவில் ஆழமில்லாமல் இருந்த இதைக் கண்காணிப்பில் வைக்கலாம் என்று முடிவு செய்து, நேர் எதிரே முதுகில் வெள்ளை மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.

புல்லியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கல் ஒருமுறை புகுந்து வெளியேறிய பிறகும், அது புல்லியின் பல்முனையில் விட்டுச்சென்ற கூரான பிசிறு ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட்டைக் கீறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பிசிறைக் கண்டுபிடிக்க மருத்துவப் பஞ்சைச் சிறு உருண்டையாக்கி ஒவ்வொரு பல்லின் மேலும் தேய்த்தேன். ஓரிடத்தில் பஞ்சின் நூல் மாட்டிக்கொண்டு நின்றது. மிக மெல்லிய அரத்தால் மேலெழுந்த பிசிறை மட்டும் எடுத்தேன், பள்ளத்தைச் சமன் செய்ய முயலவில்லை. மேற்பூச்சையும் சேர்த்து ராவிவிட்டால் உள்ளேயிருக்கும் மென்மையான அலுமினியம் வேகமாகத் தேய ஆரம்பிக்கும்.

கல் எங்கே அதிகம் அடிக்கிறது என்பதை ஊகத்துக்கு விடாமல், ஸ்விங் ஆர்மின் அடிப்பாகத்திலும் பெல்ட்டுக்கு முன்னுள்ள சட்டகத்திலும் தடித்த காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் மங்கலான வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். சரளையில் ஓட்டிவிட்டு வந்து பார்த்தபோது நாடா தன் கதையைச் சொல்லியது. முன்சக்கரம் பின்னோக்கி வீசும் கற்கள் ஸ்விங் ஆர்ம் அடிப்பாகத்தின் முன்பாதியில் நெருக்கமாக வடு பதித்திருந்தன. பின்டயரை ஒட்டிய பக்கத்தில் கல் வடு குறைவு, ஆனால் மணல் அப்பியிருந்தது. இரண்டுக்கும் ஒரே மருந்து போதாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முன்சக்கரத்துக்கான வைத்தியம் எளிது. மட்கார்டின் பின்முனையில் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் தகட்டைக் கீழே நீட்டிப் பொருத்தினேன். ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது ரப்பர் சாலையில் தேயக்கூடாது, ஹாண்டிலை இருபுறமும் கடைசிவரை திருப்பும்போது எதிலும் இடிக்கக்கூடாது, வண்டியைப் பின்னே தள்ளும்போது டயருக்கு அடியில் சிக்கவும் கூடாது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் மொத்த வேலையிலும் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

நேரம் பிடித்தது அடிக்காப்புத் தகடுதான். அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அந்த அளவில் எச்.டி.பி.ஈ. எனும் அடர்த்தி மிகுந்த பாலித்தீன் பிளாஸ்டிக் தகட்டை அறுத்து, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சூடாக்கி வளைத்தேன். அலுமினியத் தகடு உறுதியானதுதான், ஆனால் ஒருமுறை வளைந்து பெல்ட்டைத் தொட்டுவிட்டால் தொட்டபடியே நின்று அறுக்கும், எச்.டி.பி.ஈ. அடிபட்டாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். தகடு சட்டகத்தில் நிற்காமல் ஸ்விங் ஆர்மில் நிற்க வேண்டும் என்பது அடிப்படை விதி. இல்லையென்றால் பள்ளத்தில் சக்கரம் மேலேறும்போது பெல்ட் ஒரு பக்கமும் தகடு ஒரு பக்கமுமாகப் போகும். பொருத்துவதற்காக ஸ்விங் ஆர்மில் புதிதாகத் துளை போட நான் உடன்படவில்லை. அது ஓயாமல் வளைந்து நிமிரும் உறுப்பு, அதில் போடும் துளை பிற்காலத்தில் விரிசல் தொடங்கும் இடமாகிவிடலாம். ஏற்கெனவே இருந்த மறையுள்ள துளை ஒன்றையும், ரப்பர் சுற்றிய துருப்பிடிக்காத பட்டைக் கிளாம்ப் ஒன்றையும் பயன்படுத்திக்கொண்டேன். நட்டுகள் நைலான் வளையம் உள்ளவை. போல்ட் கழலாமல் இருக்க மறையில் விடும் பூட்டுப் பசை ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளை வெடிக்கச் செய்யும் என்பதால், பிளாஸ்டிக் காப்பு எதன் அருகிலும் அதைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

வடிவத்தில் இரண்டு வகையைச் சோதித்தேன். ஒன்று, அடியும் இருபுறமும் மூடிய பெட்டி போன்றது. பார்க்க மிகப் பாதுகாப்பாகத் தோன்றிய அதைச் சரளையில் ஓட்டிவிட்டுக் கழற்றியபோது, உள்ளே புகுந்த மணலும் பொடிக்கல்லும் வெளியேற வழியில்லாமல் அடியில் தங்கிக் கிடந்தன. ஈரமான சாலைக்குப் பின் அவை சேறாக இறுகிப் பெல்ட்டின் முதுகைத் தொடும் அளவுக்கு மேடு கட்டியிருந்தன. இரண்டாவது, முன்பாதியை மட்டும் மறைத்து அடியைத் திறந்துவிட்ட சாய்வுத் தகடு. இதில் தகட்டுக்கும் பெல்ட்டுக்கும் உள்ள இடைவெளி முன்னே குறுகலாகவும், பெல்ட் நகரும் திசையில் போகப்போக அகலமாகவும் இருக்கும்படி வைத்தேன். எதிர்மாறாக வைத்தால், முன்னே தாராளமாக நுழையும் கல் பின்னே ஆப்பு அடித்தது போல் இறுகிக்கொள்ளும். அகன்றுகொண்டே போகும் வழியில் எந்தக் கல்லும் நிற்கவில்லை.

இவ்வளவுக்கும் தப்பி பெல்ட்டின் உட்புறத்தில் ஏறிவிடும் கல்லுக்கு என்ன செய்வது? கல்குவாரிகளில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளுக்கு இதே தொல்லை உண்டு. அங்கே திரும்பி வரும் பட்டையின் உட்புறத்தில், கடைசி உருளைக்குச் சற்று முன்னால், வி வடிவக் கலப்பை ஒன்றை வைத்துக் கல்லை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். அதைப் பின்பற்றி, பெல்ட் வளையத்துக்குள் நிற்கும் ஸ்விங் ஆர்ம் கையின் அடியில், கல்லை டயருக்கு எதிர்ப்பக்கமாக ஒதுக்கும்படி சாய்த்த சிறு தகடு ஒன்றை மாட்டினேன். கன்வேயரில் கலப்பை பட்டையை உரசிக்கொண்டே நிற்கலாம். இங்கே பற்கள் இருப்பதால் உரசவே கூடாது, இடைவெளி தேவை. அந்த இடைவெளியைவிடச் சிறிய கல் தப்பிப் போகத்தான் செய்யும். வேகத்தைக் கூட்டும்போது கீழ்ப்பகுதி தளர்ந்து தொய்கிறது, ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் விறைத்து மேலே வருகிறது. ஆகவே அளவு எடுக்க வேண்டியது பெல்ட் மிக மேலே இருக்கும் நிலையில்தான். பின் ஷாக் அப்சார்பரைக் கழற்றி, ஸ்விங் ஆர்மை மேலிருந்து கீழ்வரை முழுதாக அசைத்து, எந்த நிலையிலும் தகடு பெல்ட்டைத் தொடவில்லை என்று உறுதி செய்தேன்.

இந்தக் கலப்பைத் தகட்டை எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கழன்று விழுந்தால் அது நேராகப் போய்ச் சேருமிடம் நாம் எதைக் காக்க நினைத்தோமோ அதே சந்துதான். அதனால் இரண்டு போல்ட்டுகளும், அவற்றின் தலைகளைச் சேர்த்துக் கட்டிய கம்பியும் போட்டிருக்கிறேன். அந்தக் கம்பியைப் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

எல்லாம் பொருத்திய பின் பெல்ட்டின் இழுவையை மறுபடி அளந்தேன். கீழ்ப்பகுதியின் நடுவில் சுமார் 4.5 கிலோ விசை கொடுத்து, பெல்ட் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று பார்ப்பது பரவலான முறை. எவ்வளவு நகர வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். தளர்ந்த பெல்ட் பல் தாவும், அதிகம் இறுகிய பெல்ட் பேரிங்குகளைத் தின்றுவிடும். கழுவுவதற்குத் தண்ணீரும் மிதமான சோப்பும் மட்டுமே. செயினுக்குத் தெளிக்கும் எண்ணெய் பெல்ட்டுக்கு ஆகாது, உயர் அழுத்த நீர் மணலை இன்னும் உள்ளே திணிக்கும்.

வெள்ளை நாடாவைப் புதிதாக ஒட்டி மீண்டும் சரளையில் ஓட்டியபோது, ஸ்விங் ஆர்மின் முன்பாதியில் வடுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அடிகளை ரப்பரும் அடிக்காப்புத் தகடும் வாங்கிக்கொண்டிருந்தன. மார்க்கர் புள்ளிக்கு எதிரேயிருந்த குழி பெரிதாகவில்லை. டயர் பக்கத்து மணல் மட்டும் இன்னும் வருகிறது. அதற்கு ஸ்விங் ஆர்மின் உட்புறத்தில் தூரிகைப் பட்டை ஒன்றைப் பொருத்திப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தூரிகையின் முடி உதிர்ந்தால் அது எங்கே போகும் என்பதைத் தீர்மானித்த பிறகே அந்த வேலையைத் தொடங்குவேன்.