அரை மில்லிமீற்றர் புள்ளி

இன்றைக்குக் கொழும்பில் எங்கள் கழகத்துப் போட்டி. வெள்ளவத்தையில் விடியவே பஸ் ஏறிவிட்டேன். 10 மீற்றர் எயார் ரைபிள்: 10 மீற்றர் தூரத்து இலக்கைக் காற்றழுத்தத் துவக்கால் 60 தடவை சுட ஒன்றேகால் மணித்தியாலம். நடுப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீற்றர்தான். சுடும் ஈயக்குண்டே 4.5 மில்லிமீற்றர்!

நின்று குறிபார்க்கும்போது நெஞ்சுத் துடிப்புக்குக்கூடத் துவக்கு அசையும். குறி அடங்காவிட்டால் சுடாமல் இறக்கிவிட வேண்டும். அப்படி இறக்கப் பழகத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. 41ஆவது தடவை அவசரப்பட்டேன், 8.7 புள்ளிதான். கை நடுங்கியது. அப்புறம் மூன்று முறை தூக்கி, மூன்று முறையும் இறக்கினேன். நான்காவதில் சுட்டேன். 10.8. ஒரு தடவைக்கு உச்சமே 10.9தான்!

வெளியே காத்திருந்த அம்மா புள்ளியைக் கேட்கவில்லை. "தோள் நோகுதா பிள்ளை?" என்றுதான் கேட்டார். நோகுது அம்மா, ஆனால் அவ்வளவு சந்தோஷம்.