நான்கு வருடம் ஏ1 ஆக இருந்தேன்

எஃப்ஐஆர் நகலில் என் பெயருக்கு முன்னால் ஏ1 என்று இருந்தது, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள். பக்கத்தில் ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 408, 420, 468, 471, 477-ஏ, 120-பி என்று வரிசையாக எண்கள். 420 தவிர எதற்கும் எனக்கு அர்த்தம் தெரியாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் கணக்கு பார்த்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். பவர் டேபிள் (தையல் வேலை) காண்ட்ராக்டர் ஒருவர் ஒரே டெலிவரி சலானை வைத்து இரண்டு முறை பில் போட்டுப் பணம் வாங்கியிருக்கிறார், இரண்டு வருடத்தில் 38 லட்சம் என்பது புகார். பில்லை டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றியதும் பேங்கில் பேமெண்ட் அப்லோட் செய்ததும் நான் என்பதால் நான் ஏ1, அவர் ஏ2. சலான் எண்ணை ஒத்துப்பார்க்காமல் விட்டது என் தப்புதான், இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். ஆனால் கவனக்குறைவு வேறு, மோசடி வேறு. அந்த வித்தியாசத்தைக் கோர்ட்டில் காட்டத்தான் இத்தனை வருடம் ஆனது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் புகாருக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை, சம்பளப் பட்டுவாடா முடிந்த ராத்திரி, முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேர். "தம்பி, எழுதிக் குடுத்துட்டீங்கன்னா போலீசுக்கெல்லாம் போகமாட்டோம், வீட்டோட முடிச்சுக்கலாம்" என்றார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன்: "பணத்துக்கு நானே பொறுப்பு, ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன்." திங்கட்கிழமை அந்தக் கடிதத்தையே இணைத்துப் புகார் கொடுத்துவிட்டார்கள். வக்கீல் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, ஆனால் முதலாளிக்கு எழுதிக் கொடுத்ததற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியது என்று நாம்தான் காட்டியாக வேண்டும். அன்றைக்கே, நடந்ததை அப்படியே எழுதி முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பவைத்தார். அந்த ரிஜிஸ்டர் தபால் அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு பின்னால் ரொம்ப உதவியது.

இது 2021 மார்ச். என் மேல் இருந்த பிரிவுகளில் ஏழு வருடத்துக்கு மேல் தண்டனை உள்ளது எதுவும் இல்லை. அந்த மாதிரி வழக்கில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, முதலில் விசாரணைக்கு வரச் சொல்லும் 41-ஏ நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 409 போட்டிருந்தால் கதையே வேறு, அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு. புகாரில் 409-தான் கேட்டிருந்தார்கள், ஆனால் அது அரசு ஊழியர், பேங்கர், ஏஜென்ட் போன்றவர்களுக்கானது, சம்பளம் வாங்கும் கணக்கருக்கு 408. இரண்டுமே நம்பிக்கை மோசடிப் பிரிவுகள்தான்.

நோட்டீஸை நம்பி உட்கார்ந்திருக்காமல் முன்ஜாமீன் போட்டோம். கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர், ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் பத்திரம், போட்டோ, இடது கட்டைவிரல் ரேகை, ஆதார் நகல். மாமா ஒருவர் உடனே வந்து கையெழுத்துப் போட்டார். இன்னொரு நெருங்கிய சொந்தக்காரர் வீட்டு வரி ரசீதைத் தேடுகிறேன் தேடுகிறேன் என்று ஒரு வாரம் தேடினார், கடைசியில் பழைய செக்கிங் மாஸ்டர் ஒருவர்தான் வந்தார். அப்புறம் தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கண்டிஷன் கையெழுத்து. கொரோனா இரண்டாம் அலை நேரம், மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு ரெஜிஸ்டர் வரும்வரை வேப்பமரத்தடியில் நிற்பேன்.

இதற்கிடையில் என் சேமிப்புக் கணக்கை முடக்கிவிட்டார்கள். காண்ட்ராக்டர் எனக்கு 60,000 ரூபாய் ஜிபே செய்தது அதில் இருந்தது, அதைத்தான் கமிஷன் என்றார்கள். உண்மையில் அவர் மகள் காதுகுத்துக்கு நான் கைமாற்றாகக் கொடுத்தது திரும்பி வந்தது. நல்லவேளை, அதை ரொக்கமாகக் கொடுக்காமல் நெஃப்ட்டில் அனுப்பியிருந்தேன், நான்கு மாதம் முந்தைய ஸ்டேட்மெண்டில் அதே 60,000 வெளியே போனது தெரிந்தது. மீதி 38 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட என் பக்கம் வந்ததாக அவர்களால் காட்ட முடியவில்லை.

வக்கீல் ஒவ்வொரு பிரிவாக எடுத்து இதை நிரூபிக்க அவர்களுக்கு என்னென்ன தேவை என்று ஒரு பழைய டைரியில் எழுதினார். 477-ஏ என்றால் கணக்கில் தப்பு இருந்தால் மட்டும் போதாது, மோசடி நோக்கத்தோடு வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும். 468-க்கு முதலில் பொய் ஆவணம் யார் தயாரித்தது என்று வரவேண்டும். சலான்களில் இருந்த கையெழுத்தை மாஜிஸ்திரேட் உத்தரவோடு மாதிரி எடுத்துத் தடய அறிவியல் லேபுக்கு அனுப்பினார்கள், உறுதியாகக் கருத்துச் சொல்ல இயலாது என்று ரிப்போர்ட் வந்தது. டாலி கணக்கு என்று கொடுத்தது வெறும் பிரிண்ட் அவுட், கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான 65-பி சான்றிதழ் இல்லை. அதுவும் அந்த டாலியில் நாலு பேருக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட். எடிட் லாக் இருக்கிற சாஃப்ட்வேர்தான் வைக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கட்டாயமானது 2023 ஏப்ரலில்தான், எங்கள் காலத்தில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்று அதில் தெரியாது.

சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்டு விடுவிப்பு மனு போட்டோம், தள்ளுபடி. வாய்தா மேல் வாய்தா. நடுவில் 2024 ஜூலையில் ஐபிசிக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் பதிலாகப் புதுச் சட்டங்கள் வந்தன, பழைய சம்பவம் என்பதால் எனக்கு ஐபிசியேதான். கோர்ட் வராண்டாவில் ஒரே குழப்பம்: முன்பு வழக்கை ரத்து செய்யக் கேட்கிற பிரிவு 482, இப்போது முன்ஜாமீனுக்கு 482. குமாஸ்தாக்கள் திட்டிக்கொண்டே அடித்துத் திருத்துவார்கள்.

வழக்கு திரும்பியது முதலாளி மகனின் குறுக்கு விசாரணையில். பேங்க் அப்லோடில் நான் மேக்கர் (பேமெண்டை ஏற்றுபவர்) மட்டும்தான், செக்கர் (சரிபார்த்து ஒப்புதல் தருபவர்) அவர், அவர் ஓடிபி போடாமல் ஒரு பைசா வெளியே போகாது. பேங்க் பதிவுகளை, ஆவணங்களைக் கேட்டுப் பெறும் பிரிவான 91-ன் கீழ் மனுப் போட்டு முன்கூட்டியே வரவழைத்திருந்தோம்.

"இந்த மொபைல் நம்பர் யாருடையது?"

"என்னுடையதுங்க."

"பில்லைப் பார்த்துவிட்டுத்தானே ஓடிபி போடுவீர்கள்?"

"எல்லாத்தையும் பார்க்க நேரம் இருக்காதுங்க."

நீதிபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு அதைத் தமிழில் நிதானமாகச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். வாதத்தின்போது வக்கீல் திரும்பத் திரும்ப அந்த வரிக்கே வந்தார்: பார்க்காமல் அனுப்பினால் அவருக்கு அது நேரமின்மை, என் கட்சிக்காரருக்கு மட்டும் கூட்டுச்சதியா?

இன்னொன்றும் கை கொடுத்தது. 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில், ஒரே சம்பவத்துக்கு ஏமாற்றுதலும் நம்பிக்கை மோசடியும் சேர்ந்து வராது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஏமாற்றுதல் என்றால் ஆரம்பத்திலேயே கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டும், நம்பிக்கை மோசடி என்றால் ஒழுங்காக ஒப்படைத்த பொருளை அப்புறம் கையாடியிருக்க வேண்டும். பதினோரு வருடம் நம்பி வைத்திருந்தோம் என்று அவர்களே சாட்சி சொல்லிவிட்டு 420-ஐயும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

2025 தொடக்கத்தில் விடுதலை. காண்ட்ராக்டர் அதற்கு முன்பே தலைமறைவு, அவர் வழக்கைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். கம்பெனி மேல்முறையீடு போடலாம், போட்டால் பார்த்துக்கொள்கிறேன்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு பேங்குக்குப் போனேன். மேனேஜர் முழுவதும் படித்துவிட்டு, "சார், இது சரி, ஆனா அக்கவுண்ட்டை ஃப்ரீஸ் பண்ணச் சொன்னது ஸ்டேஷன், ரிலீஸ் லெட்டரும் அங்கிருந்துதான் வரணும்" என்றார். மறுநாள் அதே ஸ்டேஷன். வேப்பமரத்தை வெட்டிவிட்டு பைக் ஷெட் போட்டிருந்தார்கள்.