தட்டியில் ஏழு சொல் போதும்

போராட்டத்துக்குக் கூட்டம் சேர்ந்தும் சேதி போய்ச் சேரவில்லை என்றால் முதலில் தட்டியைப் பாருங்கள். ஒரு தட்டிக்கு ஒரே கோரிக்கை, ஆறேழு சொல், வெள்ளையில் தடித்த கறுப்பு எழுத்து. பத்துக் கோரிக்கையை நெருக்கி எழுதினால் கேமராவில் ஒன்றும் விழாது.

ஓரங்களில் கைப்பட்டை கட்டிய தொண்டர்கள் நிற்கட்டும். ஒரு கல் பறந்தால் மறுநாள் தலைப்புச் செய்தி அந்தக் கல்தான். மறியலில் ஆம்புலன்ஸ் சிக்கினாலும் அதே கதி.

புறக்கணிப்புக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரில் 1955-56-ல் பேருந்தில் இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்து ஏறாமல் இருக்க முடிந்ததற்கு, முறைவைத்து ஓடிய சுமார் 300 கார்களும் ஒரு காரணம். (முழக்கம் எழுதுபவர்கள் இதை மறந்துவிடுவார்கள்!)

உடனே கைதட்டல் கிடைக்காது. அமெரிக்காவில் 1961-ல் நடந்த கேலப் கருத்துக்கணிப்பில், பேருந்துகளில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பயணித்து இனப் பிரிவினையை எதிர்த்த 'விடுதலைப் பயணிகள்' செய்வது சரியில்லை என்றவர்கள் 61 சதவீதம். ஆனாலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் 1964-ல் வந்துவிட்டது.